ஒற்றை அடியைக் கிள்ளி எடுத்து ஒரு மனிதரை அடிக்காதீர்கள்

வேலை போய்விட்டது என்று ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். அதன் கீழே அந்தப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும், இரண்டு நாளாகச் சுற்றுகிறது. மலையுச்சி, சூரிய உதயம், 'தீதும் நன்றும் பிறர்தர வாரா', அதற்குக் கீழே 'உன் தோல்விக்கு நீயே காரணம்', கடைசியில் கணியன் பூங்குன்றனார் பெயர்.

உன் தோல்விக்கு நீயே காரணம் என்று பூங்குன்றனார் சொல்லவே இல்லை.

புறநானூறு 192ஆம் பாட்டு. மொத்தம் 13 அடி. படத்தில் இருப்பது இரண்டாம் அடி மட்டும். மூன்றாம் அடியைப் படித்தாலே விஷயம் மாறிவிடும்: 'நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன'. நோவதும் நோவு ஆறுவதும்கூட அப்படித்தான் என்கிறார். பழைய உரைகாரர் இந்த இடத்துக்குச் சொல்லும் பொருள், கேடும் ஆக்கமும் தாமே வருமே தவிரப் பிறர் தந்து வருவதில்லை என்பது. 'தாமே' என்பதை நன்றாகக் கவனியுங்கள். கேடு தானே வருகிறது. 'நீ வரவழைத்தாய்' என்ற குற்றச்சாட்டு மூலத்திலும் இல்லை, உரையிலும் இல்லை.

அப்புறம் பாட்டில் வரும் அந்தப் பேராறு. மின்னல் வெட்டுகிறது, வானம் குளிர்ந்த துளியைப் பெய்கிறது, பெரிய ஆறு கல்லில் மோதி இரைந்துகொண்டு ஓடுகிறது. அதில் ஒரு புணை. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். துடுப்பு என்ற பேச்சே அங்கே இல்லை. 'நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்'. நீர் போகும் வழியில் தெப்பம், முறை போகும் வழியில் உயிர். முறை என்றால் இங்கே ஊழ். இப்படிப்பட்ட தெப்பத்தில் இருப்பவரைப் பார்த்து 'நீ ஏன் பாறையில் மோதினாய்' என்று கேட்கவா இந்தப் பாட்டு?

இந்தப் பாட்டின் கீல் 'ஆகலின்' என்ற ஒரு சொல். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் காரணம், பின்னால் வருவது முடிவு. இதையெல்லாம் திறவோர், அதாவது அறிவுடையோர், கண்டு சொன்னதால் தெளிந்தோம், ஆகலின், 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே'. பெரியவரை வியப்பதில்லை. சிறியவரை இகழ்வது அதைவிடவும் இல்லை. 'அதனினும்' என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார் மனிதர். பாட்டு வந்து சேரும் இடமே அதுதான். அங்கே வந்து சேர்வதற்காகச் சொன்ன ஒரு காரணத்தைப் பிடுங்கி, விழுந்து கிடக்கிறவரை இகழப் பயன்படுத்துகிறோம். எனக்கு வலிப்பது இதுதான்.

இன்னொன்று. 13 அடியிலும் ஏவல் வினை ஒன்றுகூடக் கிடையாது. செய், எழு, மாறு, எதுவும் இல்லை. 'இலமே' நான்கு முறை வருகிறது, 'தெளிந்தனம்' ஒரு முறை. எல்லாம் தன்மைப் பன்மை. நாங்கள் இப்படி இருக்கிறோம் என்று தன் பக்கத்தைச் சொல்கிறார். எதிரே நிற்பவரைப் பார்த்து விரல் நீட்டவில்லை. நம் படம்தான் அவர் வாயில் 'நீ'யைத் திணித்தது.

'ஊக்கம் கொடுக்கத்தானே போட்டார்கள்' என்பீர்கள். ஊக்கம் வேண்டுமென்றால் குறளில் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 62ஆவது. 'மெய்வருத்தக் கூலி தரும்' என்பது அங்கே 619ஆம் குறள். தாராளமாக எடுங்கள். அதே வள்ளுவர் 38ஆவது அதிகாரத்தில் 'ஊழிற் பெருவலி யாவுள' என்றும் கேட்கிறார். இரண்டையும் அவர் சொன்னார், ஒன்றுக்காக மற்றதை அழிக்கவில்லை. 'ஊழ் என்றால் சோம்பல்தானே' என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சும்மா இரு என்று இந்தப் பாட்டில் எந்த அடி சொல்கிறது?

'பாட்டுக்கு ஆளுக்கொரு பொருள் கொள்ளலாம்' என்பது கொஞ்சம் நியாயமான கேள்வி. கொள்ளலாம். இந்த அடி ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது பலம் தரும், 'யார்மீதும் பழிபோட மாட்டேன்' என்று. அதை மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் கடைசி அடிக்கு நேர் எதிராகப் போகும் பொருளைப் பாட்டின் தலையில் கட்ட முடியாது.

பகிர்வதற்கு முன் பாட்டு எண்ணைப் பாருங்கள். எண் இல்லையென்றால் முழுப் பாட்டையும் தேடிக் கடைசி அடிவரை படியுங்கள். 13 அடிதான், ஒரு நிமிடம் ஆகாது. இந்தப் புலவர் நமக்கு விட்டுப்போனதே இதுவும் நற்றிணை 226ஆம் பாட்டும்தான். அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? மருந்து மரத்தில் இருந்தாலும் மரம் சாகும்படி மனிதர்கள் அதை எடுக்க மாட்டார்கள் என்று. அந்த ஈரம் உள்ளவர் பெயரையா இதற்குக் கீழே எழுதுவது?

வேலை போனவரிடம் பூங்குன்றனாரைக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் முதல் அடி இருக்கிறது. யாவரும் கேளிர். கேளிர் என்றால் உறவினர். உறவுக்காரருக்கு வேலை போனால் அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்போம், தெரிந்த இடத்தில் சொல்லி வைப்போம்.

அந்தப் பதிவின் கீழ் படம் இன்னும் இருக்கிறது. ஒட்டியவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.