உதகை ஏரி யாருக்காக வெட்டப்பட்டது?

உதகை பேருந்து நிலையத்தில் மேட்டுப்பாளையம் வண்டிக்குக் காத்து நிற்பவர்களில், தாம் நிற்பது பழைய ஏரிப் படுகை என்று அறிந்தவர்கள் மிகச் சிலரே. 1823 முதல் 1825 வரை கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து அமைத்த அந்த ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்த இடத்தில்தான் பேருந்து நிலையமும் முன்பு குதிரைப் பந்தயம் நடந்த திடலும் இருக்கின்றன.

2022இல் 'ஊட்டி 200' விழா நடந்தபோது என் காதில் விழுந்த பேச்சுகளில் பெரும்பகுதி சல்லிவனையும் குளிரையும் பற்றியதாகவே இருந்தது. சல்லிவன் மீது எனக்குக் காழ்ப்பு இல்லை; இந்நிலம் இம்மலையின் பழங்குடியினரான தோடர்களுக்கே உரியது, எடுப்பதானால் ஈடு கொடுத்தே எடுக்க வேண்டும் என்று தம் மேலிடத்தோடு வாதிட்டவர் அவர். ஆயினும் இவ்வூரை வளர்த்தது ராணுவத்தின் தேவை என்பதைச் சொல்லாமல் விழா எடுப்பது பாதி வரலாறு.

குன்னூருக்கு எதிரே பக்காசுரன் மலையில் இருக்கும் கோட்டை மைசூர் ஆட்சியின் காவல் அரண். சமவெளியிலிருந்து ஏறிவருபவரை அங்கிருந்தே பார்த்துவிடலாம். 1799இல் திப்பு வீழ்ந்து இப்பகுதி கம்பெனியின் கைக்கு வந்தபின், மலையின் ராணுவ மதிப்பு வேறு வகையில் உயர்ந்தது. சமவெளியில் காய்ச்சலில் விழுந்த வெள்ளைச் சிப்பாய்களைத் தேற்றி மீண்டும் பணிக்கு அனுப்பக் குளிர்ந்த இடம் வேண்டியிருந்தது. ஆளுநர் லஷிங்டன் காலத்தில் உதகையே ராணுவத் தளபதி ஒருவரின் பொறுப்பில் விடப்பட்டது. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதையை வெட்டியதும் சென்னைப் படையின் பயனியர்களே, அதாவது பாதை அமைக்கும் படைப்பிரிவினரே. நாம் இன்று கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு ஏறுகிறோம். அன்று ஏறியவர்கள் பெரும்பாலும் நோயாளிகள்.

1852இல் ஜெகதளா அருகே பாசறை கட்டத் தொடங்கினார்கள். பின்னர் அவ்விடத்துக்கு வெலிங்டன் என்று பெயரிட்டார்கள். 1858இல் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் விடுதிப்பள்ளி, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை என்று அது விரிந்தது. விடுதலைக்குப் பிறகும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் முப்படை அதிகாரிகளின் கல்லூரியும் வெலிங்டனில்தான் உள்ளன. இவற்றால் பிழைத்த குடும்பங்கள் இங்கு ஏராளம். அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கிய தோடர் மந்துகளின், அதாவது அவர்களின் குடியிருப்புகளின், கணக்கை அந்த நன்றியில் கழித்துவிட முடியாது.

ஏரிக்கரையில் வைக்கும் எந்தப் பலகையிலும் ராணுவம் வளர்த்த ஊர், தோடர்கள் இழந்த நிலம் ஆகிய இந்த இரண்டும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்கு இடம் தேடி அலையவும் வேண்டாம். நகரத்துச் சாக்கடையைச் சுமந்து ஏரியில் கலக்கும் கால்வாயை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்கிறோம். அதன் பெயர் கோடப்பமந்து கால்வாய். பெயரில் மட்டும் அந்த மந்து இன்னும் இருக்கிறது.