மெயினுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஏடா (Ada) நிரல்மொழியில் தேதியை 1 முதல் 31 வரை என்று வரையறுத்துவிட்டால், 32 உள்ளே நுழையும் கணத்திலேயே கன்ஸ்ட்ரெய்ன்ட் எரர் எழுந்து நிற்கும். இத்தனை கறாரான மொழியில், புரொசீஜர்களின் மாறிகள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகமான ஸ்டாக் நிரம்பி வழிந்தால் மட்டும், ஏடாவுக்கான க்னாட் (GNAT) கம்பைலரில் வரும் செய்தி என்ன தெரியுமா? ஸ்டாக் வழிந்தது, அல்லது நினைவகத்தைத் தவறாகத் தொட்டாயிற்று! இரண்டில் எது என்பதை நாமே தேடிக்கொள்ள வேண்டுமாம்.

சரி, அளவைக் கூட்டிவிடலாம் என்று இறங்கினால்தான் உண்மையான எரிச்சல் தொடங்குகிறது. லினக்ஸில் மெயினுக்கு, அதாவது நிரல் தொடங்கும் முதன்மைப் புரொசீஜருக்கு, வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டாக் 8 எம்பி. எண்ணுக்கு 8 பைட் பிடிக்கும் லாங் ஃப்ளோட்டில் 1000×1000 மேட்ரிக்ஸ் ஒன்றே 80 லட்சம் பைட்டைத் தின்றுவிடும். அதே புரொசீஜரில் இரண்டாவதையும் அறிவித்தால் கதை முடிந்தது. இதைக் கூட்ட லினக்ஸில் ஷெல்லில் யூலிமிட் என்ற வரம்புக் கட்டளை போட வேண்டும், விண்டோஸில் நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்க்கருக்குத் தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும். ஆக, நிரல் ஓடுவதற்கு இன்றியமையாத ஓர் எண், நிரலின் மூலத்தில் எங்குமே இல்லாமல் யாரோ ஒருவருடைய டெர்மினலிலோ பில்ட் கோப்பிலோ ஒளிந்துகிடக்கிறது.

கொடுமை என்னவென்றால், மூலத்திலேயே எழுத இடம் இருப்பதுபோல ஒரு தோற்றமும் உண்டு. க்னாட் ‘பிராக்மா மெயின்’ என்ற கம்பைலர் குறிப்பை ஏற்கிறது. அதில் ஸ்டாக் சைஸ் என்றே ஓர் அளவுருவும் இருக்கிறது. ஆனால் அது ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்தின் பழைய நிரல்களுக்காக வைக்கப்பட்டது என்றும், தொடரியலைச் சரிபார்ப்பதைத் தவிர அதனால் எந்த விளைவும் இல்லை என்றும் கையேடு சாவகாசமாகச் சொல்கிறது. விளைவே இல்லாத எண்ணை எதற்கு ஐயா கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள்?

நிரலுக்குள் இணையாக ஓடும் டாஸ்க்குகளுக்கு மட்டும், அவற்றின் ஸ்டாக் அளவைச் சொல்ல மூலத்திலேயே ஸ்டோரேஜ் சைஸ் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டால் க்னாட் தருவது 2 எம்பி. யூலிமிட்டை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு உறைக்காது. எனவே மெயினில் ஒழுங்காக ஓடிய புரொசீஜர் டாஸ்க்குக்குள் போனதும் விழுகிறது; கையாளப்படாத எக்ஸெப்ஷனோடு டாஸ்க் சத்தமின்றி முடிந்துபோவதே மொழியின் விதி என்பதால், டாஸ்க் முடியும்போது அழைக்கப்படும் டெர்மினேஷன் ஹேண்ட்லரை நாமே எழுதிவைக்காதவரை அது ஏன் விழுந்தது என்பதும் தெரிவதில்லை.

பெரிய அணிகளை ஸ்டாக்கை விட்டு ஹீப் என்ற வேறொரு நினைவகப் பகுதியில் வை என்று உபதேசிப்பவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் யாரோ எழுதிய பழைய கணக்கீட்டு நிரலின் புரொசீஜர்களை எல்லாம் யார் உட்கார்ந்து மாற்றுவது? கடைசியில் மெயினை வெறுமையாக்கி, முழு வேலையையும் 64 எம்பி கொண்ட ஒற்றை டாஸ்க்கில் தள்ளுகிறோம். மெயினை இயக்குவதும் ஒரு டாஸ்க்தான் என்று ஏடாவின் தரநூலே சொல்கிறது. ஆனால் மற்ற டாஸ்க்குகளுக்குக் கிடைக்கும் அந்த ஒரு வரியை அதற்கும் கொடுக்க, 1983 முதல் 2022 வரை வந்த எந்தப் பதிப்புக்கும் மனம் வரவில்லை.