பசுமை ஹோட்டலில் மிச்சம் பிடிப்பது யாருடைய கூலியை?

யாழ்ப்பாணத்தில் ஒரு 'பசுமை' ஹோட்டலைப் புகழ்ந்து வந்த அந்தப் பதிவைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். பெயர் சொல்லத் தேவையில்லை, இந்தக் கிழமை முழுக்க எல்லோருடைய பக்கத்திலும் அதுதான் ஓடியது. ரிசப்ஷனில் ஆளுக்குப் பதிலாக ஒரு டெப்லெட், கட்டில் மேல் பனையோலைப் பெட்டிக்குள் அழகாக வைத்த அட்டை, அதில் பூமியைக் காப்பாற்றத் துவாயைத் திரும்பப் பாவியுங்கள் என்று ஒரு வேண்டுகோள், மொட்டைமாடியில் சோலர், முன்னால் முதலாளி சிரித்தபடி. கீழே வரிசையாக "யாழ்ப்பாணம் முன்னேறுது". நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: அங்கே றூம் துப்புரவு செய்த அக்காமார் இப்போது மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வருகிறார்கள்? அவ்வளவுதான். அதற்கு நான் வளர்ச்சிக்கு எதிரி, பொறாமை பிடித்தவள், இன்னும் இங்கே எழுத முடியாத இரண்டு. கொஞ்ச நேரத்தில் என் கேள்வியையே காணவில்லை. சரி, இது என்னுடைய பக்கம், இங்கே ஆறுதலாக எழுதலாம்.

நான் சொல்வது ஒன்றுதான். துவாய் தோய்க்காமல் விட்டதில் மிச்சம், ஏசி தானாக நிற்பதில் மிச்சம், ரிசப்ஷனில் ஆள் இல்லாததில் மிச்சம். அந்த மிச்சம் யாருக்குப் போகிறது? வேலை செய்கிறவருக்கு அதில் ஒரு சதமாவது வருகிறதா?

இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பு ஒருவர் மூன்று நாள் தங்கினால் மூன்று நாளும் அந்த றூமுக்கு ஆள் போகவேண்டும். இப்போது துப்புரவு வேண்டாம் என்று அட்டையைத் தொங்கவிட்டால் ஒரு நாள் போதும். இன்று எத்தனை றூமுக்கு ஆள் தேவை என்று கொம்பியூட்டர் கணக்குப் போடும், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ரோஸ்டர் வரும், பெயர் இல்லாதவர் நாளைக்கு வரவேண்டாம். காலையில் இரண்டு றூம் ரத்தானால் அப்போது இன்னொரு மெசேஜ். தீவுப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற ஒரு அக்காவுக்கு அந்த இரண்டாவது மெசேஜ் வரும் வழியில், பண்ணைப் பாலத்தில் வைத்து வந்திருக்கிறது. போன காசும் போச்சு, நாள் கூலியும் போச்சு. அவவுக்கு அன்று பூமியைக் காப்பாற்றிய சந்தோஷம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

அடுத்தது சேர்விஸ் சார்ஜ். பில்லில் 10 சதவீதம் என்று நீங்கள் முணுமுணுத்துக்கொண்டு கட்டுவீர்களே, அதுதான் இந்தத் தொழிலில் பலருக்கு உண்மையான சம்பளம். அடிப்படைச் சம்பளத்தை வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள், அப்படி இருக்கும். இந்த 10ஐப் பல இடங்களில் பதவிக்கும் வேலைக்கு வந்த நாட்களுக்கும் ஏற்றபடி பிரிக்கிறார்கள். நாள் குறைந்தால் பங்கும் குறையும். ஆக அந்த அட்டை ஒரே கையால் இரண்டு தடவை எடுக்கிறது. இன்னொரு பக்கம், றூம் பிடித்துக் கொடுக்கிற வெளிநாட்டு இணையத்தளத்துக்குப் பொதுவாக 15 சதவீதம் அளவில் கமிஷன் போகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு கக்கூசும் கழுவாதவனுக்கு 15, கழுவுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 10. இதைக் கேட்டால் நான் கொம்யூனிஸ்ட்.

"நீங்கள் சுற்றாடலுக்கு எதிரானவரா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இதற்குத்தான். தம்பி, எங்களுடைய ஊரில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மழைக்குத்தான் ஓடும். குடிக்கிற, குளிக்கிற, தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீர் எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருந்து வருவது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்புத் தண்ணீர் ஏறும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்ற சனம் நாங்கள். எனக்குத் தண்ணீரின் அருமையை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டாம். தண்ணீரை மிச்சம் பிடியுங்கள், நல்லது, நான் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள் என்கிறேன்.

இதை நான் சும்மா வாசித்துவிட்டுக் கதைக்கவில்லை. 2014ல் ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு இங்கே ஹோட்டல்கள் முளைத்த காலத்தில் நானும் ஹவுஸ்கீப்பிங்கில்தான் இருந்தேன், பிறகு சூப்பர்வைசர். எங்கள் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு என்ன செய்யும் என்று கேளுங்கள். ஷவர் கண்ணாடி, பைப் வாய், கொமோட் எல்லாம் ஒவ்வொரு நாளும் துடைத்தால் ஒரு துணியோடு போய்விடும். மூன்று நாள் விட்டால் வெள்ளை வெள்ளையாகப் பிடித்துவிடும், மருந்து போட்டு முட்டுக்காலில் இருந்து உரஞ்ச வேண்டும், மூக்கு எரியும், கை தோல் உரியும். அதோடு கசூரினா கடற்கரைக்குக் குளிக்கப் போன குடும்பம் என்றால் மூன்று நாள் மணலும் கட்டிலுக்குக் கீழே இருக்கும். ஆனால் றூமுக்குக் கொடுக்கிற நேரம் அதே அரை மணித்தியாலம். சிஸ்டத்துக்கு அது "ஒரு றூம்", அவ்வளவுதான். நான் இதை மனேஜரிடம் சொன்னேன். அவர் லப்டொப்பைத் திருப்பிக் காட்டி, "மிஸ், டேட்டா அப்படிச் சொல்லவில்லையே" என்றார். டேட்டாவுக்கு முட்டுக்கால் வலி இல்லை, அது உண்மைதான்.

இது யாழ்ப்பாணத்தில் மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் துப்புரவு வேண்டாம் என்கிற விருந்தினருக்குப் புள்ளிகள் கொடுக்கிற பசுமைத் திட்டத்தால் தங்கள் வேலை நேரம் குறைகிறது, மிச்சம் இருக்கிற றூம்கள் இன்னும் கஷ்டமாகின்றன என்று துப்புரவுப் பெண்கள் பல வருடமாகச் சொன்னார்கள். 2018ல் மேரியட் ஹோட்டல் தொழிலாளர்கள் எட்டு நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளத்தோடு தொழில்நுட்பமும் பேச்சில் இருந்தது. புது இயந்திரம் கொண்டுவருவதென்றால் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அங்கே சங்கம் இருக்கிறது, எழுதி வாங்கினார்கள். இங்கே வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதிலும் அட்மின் மட்டும்தான் எழுதலாம்.

இன்னொன்றை யாரும் யோசிக்கிறதில்லை. பசுமை என்பது உண்மையாகச் செய்தால் வேலையைக் கூட்டுகிற விஷயம். 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கோப்பை, கரண்டியோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டையும் தடை செய்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அதற்குப் பதிலாக வருகிற பிரம்புத் தட்டை யார் கழுவுவது? இடுக்கில் ஒட்டின மாவை ஊறவைத்து, தேய்த்து, வெயிலில் காயவைக்க வேண்டும். பிளாஸ்டிக் போத்தலுக்குப் பதில் கண்ணாடிப் போத்தல் என்றால் கழுவி, நிரப்பி, பாரத்தை மாடிக்குத் தூக்க வேண்டும். குப்பையை மூன்றாகப் பிரிப்பது யார்? குசினியில் மிஞ்சின சாப்பாட்டை உரக்குழிக்குக் கொண்டுபோவது யார்? கைவேலை கூடுகிறது, நீங்கள் கையைக் குறைக்கிறீர்கள், பிறகு விருது வாங்குகிறீர்கள்.

சரி, முதலாளிமாரின் பக்கமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 2022 ஓகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் கூட்டினார்கள், ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் இன்னொரு 66. அதற்கு முன் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டு, டீசலுக்கு வரிசை. அந்த நேரம் கடன் எடுத்து சோலர் போட்டவரை நான் குறை சொல்லவில்லை, போடாதவர்களில் சிலர் இழுத்து மூடினார்கள். இது நியாயமான பதில், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கரண்ட் பில் ஏறினபோது "எல்லோரும் சேர்ந்து பொறுத்துக்கொள்ளுவோம்" என்று கூட்டம் போட்டுச் சொன்னீர்களே, சோலர் போட்டு பில் இறங்கினபோது ஏன் கூட்டம் போடவில்லை?

"ஜப்பானில் ரோபோவே ஹோட்டல் நடத்துகிறது, நீங்கள் இன்னும் தும்புத்தடியோடு நிற்கிறீர்கள்" என்றவருக்கு: 2015ல் நாகசாகியில் திறந்த அந்த ஹென் நா ஹோட்டலைத்தான் சொல்கிறீர்கள் என்றால், 2019ல் அவர்களே தங்கள் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். றூமுக்குள் வைத்த பொம்மை, விருந்தினர் குறட்டை விட்டால் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து எழுப்பி விளக்கம் கேட்டதாம். ரோபோவை நிறுத்தினால் உலகச் செய்தி, எங்கள் அக்காவை நிறுத்தினால் வாட்ஸ்அப்பில் ஒரு நீல டிக்.

வெளிநாட்டு ஆக்கள் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பதெல்லாம் கதை. நல்லூர்த் திருவிழா நேரம் வந்து நிற்கிற எங்கள் கனடா மாமிமாருக்கு அந்த டெப்லெட்டைத் தட்டத் தெரியாமல் "தம்பி, தம்பி" என்று கூப்பிடுகிறதை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்படியென்றால் அவர்கள் படித்து முன்னேறட்டும்" என்று ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். ஐயா, நல்ல யோசனை. எங்கே, எப்போது, யாருடைய செலவில்? வேலையில் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற வழி நாட்டில் இருக்கிறது. அதற்கு இரண்டு நாள் லீவு கொடுத்து அனுப்பின முதலாளி எத்தனை பேர்? வேலையில் பாவிக்கக் கொடுக்கிற அப்ளிகேஷன் முழுக்க ஆங்கிலம். சோலர் பராமரிப்புக்குக் கொழும்புக் கொம்பனி, இணையத்தில் றூம் விலையை ஏற்றி இறக்குவதும் விமர்சனத்துக்குப் பதில் எழுதுவதும் கொழும்பில் ஒரு பெடியன். எனக்குத் தெரிந்த இடங்களில் நிலைமை இதுதான். புது வேலைகள் வரும், வரும் என்கிறீர்கள், ஓம், வந்திருக்கிறது, ஏ9 வீதியில் ஏறி கொழும்புக்குப் போய்விட்டது.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலாளிமாரைவிட அந்தப் பதிவின் கீழ் கைதட்டின எங்கள் சனத்தில்தான் கோபம். ஹோட்டலில் கட்டில் விரிக்கிற வேலை என்றால் இங்கே பெண் பார்க்க வருகிறவன் எழும்பிப் போவான். எனக்கு நடந்திருக்கிறது, அதை விடுவோம். அதே வேலையை பாரிஸிலும் லண்டனிலும் உங்கள் மச்சான்மார் செய்து அனுப்பின காசில் வீடு கட்டி, அந்த வீட்டிலிருந்து வைஃபையில், "துப்புரவு வேலைக்கெல்லாம் ஏன் இவ்வளவு கதை" என்று எழுதுகிறீர்கள். அங்கே என்றால் உழைப்பு, இங்கே என்றால் "கிளீனிங் பொம்பிளை". அவவின் நாள் குறைந்ததை ஒரு செய்தியாகக்கூட எடுக்காமல் விட்டதற்குத் தொழில்நுட்பமா காரணம்? இந்த ஊருக்கு அவ எப்போதுமே கண்ணில் பட்டதில்லை.

கடைசியாக, அந்த ஹோட்டலிலிருந்து இன்பொக்ஸில் வந்து, "அக்கா, ஒரு நாள் இலவசமாக வந்து தங்கிப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்" என்று மிக மரியாதையாகக் கேட்ட தம்பிக்கு. வருகிறேன். றூம் வேண்டாம். பின்பக்கம் ஸ்டாஃப் சாப்பிடுகிற மேசையில் ஒரு கதிரை போதும், போன மூன்று மாத ரோஸ்டரையும் சேர்விஸ் சார்ஜ் பிரித்த தாளையும் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வசதி.