விழிப்புணர்வு இல்லையாம்!

போன மாசம் திருகோணமலை டவுன்ல ஒரு ஹோட்டல்ல தாய் சேய் நலம் பற்றி நடந்த கூட்டம் ஒண்டுக்குப் போய் இருந்தன். பைல், பேனை, நடுவில ரோல்ஸும் டீயும், எல்லாம் ஒழுங்கு. கதைச்ச ஆக்கள்ல முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒண்டுதான், கிராமத்துப் பொம்புளைகளுக்கு விழிப்புணர்வு காணாது, அதாலதான் கிளினிக்குக்குப் பிந்தி வாறாங்க, குளிசையைப் போடுறாங்க இல்ல, எடை கூடுதில்ல. அதுக்கு மருந்து என்னெண்டா இன்னும் நாலு கருத்தரங்கு, இன்னும் கொஞ்சம் போஸ்டர். எனக்கு அண்டைக்கு வாயைத் திறக்க சந்தர்ப்பம் கிடைக்கல, அதான் இஞ்ச எழுதுறன், நீளமாத்தான் இருக்கும், நேரம் இருக்கிற ஆக்கள் வாசிங்க.

நல்லதை முதல்ல சொல்லிருவம். இலங்கையில 1930கள்ல ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கு மேல தாய்மார் செத்தாங்க, இப்ப அது 30, 40க்குள்ள நிக்குது. 1926ல களுத்துறையில தொடங்கின எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) முறை, வீடு வீடா வாற மிட்வைஃப் மிஸ்மார், இலவச ஆசுபத்திரி, இதெல்லாம் சேர்ந்துதான் அதைச் செஞ்சது, அதுல எனக்கும் பெருமைதான். நூத்துக்கு 99க்கு மேல பிள்ளைகள் ஆசுபத்திரியிலதான் பிறக்குது. ஆனா அந்த 99 சொல்லுறது பிள்ளை எங்க பிறந்தது எண்டதை மட்டும்தான். தாய் எத்தின மணிக்கு வீட்டால வெளிக்கிட்டவ, எதுல வந்தவ, ஓட்டோக்கு ஆரிட்ட கைமாத்து வாங்கினவ, வாட்டுல என்ன ஏச்சுக் கேட்டவ எண்டதெல்லாம் அந்தக் கணக்குல வராது. எல்லாரும் ஆசுபத்திரிக்கு வந்துட்டாங்க எண்டதுக்காக எல்லாரும் ஒரே மாதிரி வந்தாங்க எண்டு ஆகுமா?

மூதூர் கிழக்குப் பக்கம் பாட்டாளிபுரம், நல்லூர், இலக்கந்தை எண்டு ஊர்கள் கிடக்கு, தெரியாத ஆக்கள் ஒருக்காப் போய்ப் பாருங்க. பழங்குடி ஆக்கள் கனபேர் இருக்கிற இடம். கடல், காடு, கூலி, இதுதான் சீவியம். அங்க வயித்துல பிள்ளையோட இருக்கிற ஒருத்திக்கு எங்கட முறைப்படி எத்தின தரம் கிளினிக் எண்டு நினைக்கிறீங்க? 28 கிழமை மட்டும் மாசத்துக்கு ஒருக்கா, பிறகு 36 மட்டும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, அதுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா. உலக சுகாதார நிறுவனம் 2016ல குறைஞ்சது 8 தரம் எண்டு சொன்னது, எங்கட கணக்கு அதையும் தாண்டும். திட்டம் நல்ல திட்டம், நான் குறை சொல்லல. ஆனா ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு நாள் கூலி. காலமை போனா மத்தியானம் தாண்டித்தான் வரலாம், வீட்டுல மத்தப் பிள்ளைகளை ஆரிட்டயாவது விட வேணும், ரத்தம் பார்க்க வேற நாள், ஸ்கேன் எண்டா மூதூர், சிலநேரம் டவுன் மட்டும் வர வேணும், பஸ்ஸுக்கு நிண்டா ஒரு நேரம் வரும் ஒரு நேரம் வராது, ஓட்டோ பிடிச்சா கூலிக்குப் போயிருந்தாக் கிடைக்கிற காசுக்கு மேல கேப்பாங்க. இதுக்குள்ள குழுக்கடன் கூட்டம் வேற. லோன்காரன் வாற நாளும் கிளினிக் நாளும் ஒரே நாளா வந்தா அவ எதுக்குப் போவா எண்டு சொல்லுங்க பாப்பம், லோன்காரன் வீட்டு வாசல்ல வந்து நிண்டு மானத்தை வாங்குவான், கிளினிக்குல ஏசத்தான் செய்வாங்க.

இலவசம் இலவசம் எண்டு சொல்லுறம். டொக்டருக்கும் குளிசைக்கும் காசு இல்ல, அது உண்மை, அங்க போய்ச் சேருறதுக்குத்தான் காசு.

இப்ப என்ட தங்கச்சியை எடுங்க. டவுன்ல இருக்கிறா, அரசாங்க உத்தியோகம். சம்பளத்தோட 84 வேலை நாள் பிரசவ லீவு. பின்னேரத்துல பிரைவட்டுல வீ.ஓ.ஜி. (பிரசவ விசேட வைத்தியர்) டொக்டரைக் காசு கட்டி சனல் பண்ணி மாசா மாசம் பாத்தவ, பிறகு அதே டொக்டர்ட வாட்டுல அரசாங்க ஆசுபத்திரியில பிள்ளை கிடைச்சது. வாட்டுல அவவை எல்லாருக்கும் தெரியும், 'எங்கட சேர்ட பேசன்ட்' எண்டு ஒரு மரியாதை. பக்கத்துக் கட்டில்ல வெருகல் பக்கத்தால வந்த ஒரு தங்கச்சி, அவவுக்கும் அதே டொக்டர், அதே மருந்து, ஆனா அவ ஒரு கேள்வி கேட்டதுக்கு 'கிளினிக் கார்டுல எழுதிக் கிடக்கு பாருங்க' எண்டு முகத்தைத் திருப்பின ஆக்கள், என்ட தங்கச்சிக்கு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விளங்கப்படுத்தினாங்க. சனல் பண்ணினது பிழை எண்டு சொல்ல வரல, வசதி இருந்தா நானும் அதைத்தான் செய்வன். ஆனா அந்த ரெண்டு கட்டிலுக்கும் நடுவில இருந்த வித்தியாசத்துக்கு விழிப்புணர்வு எண்டா பேர்?

1994ல தடியஸ், மெய்ன் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் தாய்மார் ஏன் சாகுறாங்க எண்டதுக்கு மூண்டு தாமதம் சொன்னவங்க. போறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிற தாமதம், ஆசுபத்திரிக்கு வந்து சேருற தாமதம், வந்த பிறகு சரியான கவனிப்புக் கிடைக்கிற தாமதம். எங்கட கூட்டங்கள்ல முதலாவதை மட்டும்தான் பிடிச்சுத் தொங்குறாங்க, ஏனெண்டா அதைப் பொம்புளையின்ட தலையில போடலாம். ரெண்டாவதுக்கு ரோட்டு போட வேணும், பஸ் விட வேணும். மூண்டாவதுக்கு ஆள் நியமிக்க வேணும், நியமிச்ச ஆள் ஒழுங்காக் கதைக்கவும் வேணும். செலவும் வரும், கரைச்சலும் வரும். போஸ்டர் அடிக்கிறது லேசு.

அந்த ரெண்டாவதை திருகோணமலை ஆக்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்ல. கிண்ணியாப் பாலம் 2009ல திறக்கும் மட்டும் பாதையில (மிதவைப் படகுல) ஏறித்தான் தண்ணி கடந்தம், இரவுல வலி வந்தா எப்பிடி இருந்திச்சு எண்டு அங்கத்த உம்மாமாரைக் கேளுங்க. 2021 நவம்பர்ல குறிஞ்சாக்கேணியில பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் செத்த பிறகுதான் நாட்டுக்கே தெரிஞ்சது இன்னும் இப்பிடிக் கடக்கிற சனம் இருக்கு எண்டு. மாரி வந்தா வெருகல் பக்கம் மகாவலித் தண்ணி ஊருக்குள்ள, 2025 கடைசியில டித்வா புயலுக்குள்ள மூதூரும் வெருகலும் பட்ட பாடு எல்லாரும் பாத்ததுதான். ஒன்பது மாசக்காரி அந்தத் தண்ணிக்குள்ளால வர வேணும். இது தமிழ், முஸ்லிம் ஊர்க் கதை மட்டுமில்ல, கோமரங்கடவல, மொரவெவ பக்கம் சிங்களப் பொம்புளைகளும் இரவுல யானைக்குப் பயந்துதான் வலியோட வெளிக்கிடுறாங்க.

மூண்டாவது தாமதத்தைப் பற்றி ஆரும் வெளிய கதைக்கிறதில்ல. 'மூத்தவனுக்கு ரெண்டு வயசாகல்ல அதுக்குள்ள என்ன அவசரம்', 'புருசனோட இருக்கேக்க வலிக்கலயா இப்ப கத்துறீங்க', இப்பிடி வாட்டுல கேட்ட கதைகளை எங்கட ஊர்ப் பொம்புளைகள் பிள்ளைக்கு இருபது வயசான பிறகும் மறக்கிறதில்ல. பதினேழு வயசுல வந்து நிக்கிற பிள்ளைக்கு கிளினிக் வரிசையிலயே விழுற பார்வை வேற. முஸ்லிம் பொம்புளைகள் கனபேர் லேடி டொக்டர் இருந்தா நல்லம் எண்டு கேப்பாங்க, அதுக்கும் ஒரு சிரிப்பு. பாஷை இன்னொரு கரைச்சல். தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒருத்திக்கு எங்க நோகுது, எப்ப தொடங்கினது எண்டு சிங்களத்துல கேட்டா அவ தலையை ஆட்டுவா, அந்தத் தலையாட்டலை ஓம் எண்டு எழுதிட்டுப் போவாங்க. பிள்ளை பெத்த பிறகு ரத்தம் போறது நிக்கல எண்டா நிமிசக் கணக்குத்தான் இருக்கு, அந்த நேரத்துல தலைசுத்துது எண்டு சொல்லுறதுக்கு அவவுக்கு வாய் வர வேணுமே. ரெண்டு தரம் ஏச்சு வாங்கினவ மூண்டாந்தரம் வாயைத் திறப்பாவா?

மிட்வைஃப் மிஸ்மாரை நான் குறை சொல்ல மாட்டன். ஒரு ஆளுக்கு மூவாயிரம் சனம் எண்டுதான் கணக்கு, வெற்றிடம் கிடந்தா பக்கத்துப் பிரிவையும் சேர்த்து ஒருத்தர் தலையில போடுவாங்க. 2022ல பெற்றோல் இல்லாத காலத்துல ஸ்கூட்டியை வீட்டுல விட்டுட்டு நடந்து போய்ப் பாத்த மிஸ்மாரை எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள்ள ரெண்டு தரம் வீட்டுக்குப் போக வேணும் எண்டு முறை, ரெண்டு பிரிவுக்கு ஒருத்தர் எண்டா எந்த வீடு விடுபடும் எண்டு நினைக்கிறீங்க? ரோட்டுக் கரையில இருக்கிற வீடு இல்ல, கடைசியில கிடக்கிற வீடுதான்.

சாப்பாட்டுக் கதைக்கு வாறன், இதுலதான் எனக்குக் கோவம் கூட. ரத்தம் காணாது எண்டு கார்டுல எழுதுறாங்க, கீரை, மீன், முட்டை சாப்பிடுங்க எண்டு சொல்லுறாங்க. பிடிக்கிற நண்டையும் றாலையும் யாவாரிக்குக் குடுத்தாத்தான் அரிசி வாங்கலாம். 1973ல இருந்து வாற திரிபோஷா சத்துமா 2022ல சோளம் இல்லாமத் தட்டுப்பட்டது. வந்தாலும் அந்தப் பக்கெட்டைத் தாய் மட்டும் சாப்பிடுறா எண்டு நினைச்சா உங்களுக்கு வீடு தெரியாது, மூத்த பிள்ளைகள் ரெண்டும் பாத்துக்கொண்டு இருக்க எந்தத் தாய் தனியச் சாப்பிடுவா? 2015ல கர்ப்பிணித் தாய்மாருக்கு மாசம் 2000 ரூபா வீதம் பத்து மாசம் போஷாக்குச் சாமான் குடுக்கத் தொடங்கினாங்க, நல்ல வேலைதான், ஆனா 2022ல விலையெல்லாம் ஏறினதோட அந்த 2000க்கு என்ன வந்தது எண்டு மாவும் பருப்பும் வாங்கிற ஆக்களுக்குத் தெரியும். தான் சாப்பிட வேணும் எண்டு அவவுக்கு நல்லாத் தெரியும் ஐயா, பானையிலதான் இல்ல.

சம்பூர் ஆக்களைப் பற்றி ஒரு வரி. 2006ல யுத்தத்துக்குள்ள ஓடி, வருசக்கணக்கா முகாம்ல கிடந்து, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்கு வந்தாங்க. அந்த முகாமுக்குள்ளயே பிள்ளை பெத்து வளர்த்த பொம்புளைகளுக்கு வந்து 'கர்ப்பகாலப் பராமரிப்பின் முக்கியத்துவம்' எண்டு ஸ்லைட் போட்டுக் காட்டுறதுக்கு ஒரு தைரியம் வேணும்.

சரி என்ன செய்யலாம் எண்டு கேப்பீங்க. பெரிய திட்டம் ஒண்டும் என்னட்ட இல்ல. கிளினிக் நாள்ல அந்த ஊருக்கு ஒரு பஸ் ஒழுங்கா வரட்டும். ரத்தம், ஸ்கேன், டொக்டர் மூண்டையும் ஒரே நாள்ல முடிக்கப் பாக்கட்டும், ஒருத்திக்கு ரெண்டு நாள் கூலி மிஞ்சும். மிட்வைஃப் வெற்றிடத்துக்கு அந்தந்தப் பகுதிப் பிள்ளைகளையே எடுத்துப் படிப்பிக்கட்டும். வாட்டுல இரவுக்கும் தமிழ் கதைக்கிற ஒருத்தர் இருக்கட்டும். வலி நேரத்துல தாயோ மாமியோ அக்காவோ ஒருத்தரைப் பக்கத்துல நிக்க விடுங்க, அதுக்கு ஒரு கதிரை போதும்.

இன்னொண்டு, தூரத்து ஊர்க்காரிகளை நாள் கிட்டினதும் முந்தியே வந்து வாட்டுல நில்லுங்க எண்டு சொல்லுறாங்க. நல்ல யோசனைதான், எத்தின உசிர் அதால தப்பியிருக்கும். ஆனா புருசன் கடலுக்குப் போனா வீட்டுல கிடக்கிற மூண்டு பிள்ளைக்கும் ஆர் சோறு போடுற எண்டு ஒருத்தராவது கேட்டு ஒழுங்கு செஞ்சிருக்கீங்களா? அந்தப் பதில் இல்லாததாலதான் அவ வலி வரும் மட்டும் வீட்டுல நிக்கிறா, பிறகு கார்டுல 'தாமதமாக வந்தவர்' எண்டு எழுதுறீங்க.