163 பக்கத்தை 160 ஆக்குவது எந்த சிலபஸில் இருக்கிறது?

அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன வாரம் போனில், "சித்தி, எழுதறதுக்கும் புக் போடறதுக்கும் சேர்த்து ஏதாவது டிகிரி இருக்கா?" என்றாள். பின்னாலிருந்து அக்கா, "பி.காம். சேரச் சொல்லு" என்று குரல் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இந்தப் பதிவு.

நான் எம்.ஏ. தமிழ். 'உ.வே.சா.வின் பதிப்புப் பணி' எங்களுக்குத் தவறாமல் வரும் பத்து மார்க் கேள்வி. சுவடி தேடி அலைந்தார், பாடபேதம் பார்த்தார் என்று இரண்டு பக்கம் எழுதினால் எட்டு மார்க் உறுதி. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் வாத்தியார். புத்தகம் வருவதற்கு முன்பே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று நாம் போஸ்டர் போடுகிறோமே, அதேதான். சென்னைக்கு வந்து அச்சகத்தில் உட்கார்ந்து புரூஃபும், அதாவது பிழை திருத்துவதற்கான அச்சுத் தாளும், பார்த்தார். அவரைப் பாடமாகப் படித்த எங்களிடம் ஒரு புரூஃப் தாளைக்கூட யாரும் நீட்டவில்லை.

படிப்பு முடிந்து ஒரு சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்பு (அதே புரூஃப்தான்) பார்க்கச் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு நாவலைக் கொடுத்து, "163 பக்கம் வருது, 160க்குள்ள கொண்டு வாம்மா" என்றார் முதலாளி. மூன்று பக்கத்துக் கதையை வெட்டச் சொல்கிறார் என்று நினைத்து எனக்குப் பகீரென்றது. அப்புறம்தான் சொன்னார்: ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்கள்தான் ஒரு ஃபாரம்; அது 16 பக்கம். பத்து ஃபாரத்தில் 160 பக்கம் அடங்கிவிடும். அந்த மூன்று பக்கத்துக்காக இன்னும் அரை ஃபாரம் ஓட்டினால் ஐந்து பக்கம் வெள்ளையாகப் போகும், விலையும் ஏறும். பத்திகளின் கடைசியில் 'போனான்', 'என்றாள்' என்று ஒற்றைச் சொல் தனி வரியில் தொங்குமில்லையா, அதையெல்லாம் எழுத்து இடைவெளியை மயிரிழை இறுக்கி மேல் வரிக்கு ஏற்ற வேண்டும். நூறு வரி ஏறினால் மூன்று பக்கம் காணாமல் போகும். கதையில் ஒரு சொல்லும் குறையாது. அன்று சாயங்காலத்துக்குள் கற்றுக்கொண்டேன். ஐந்து வருடக் கல்லூரிப் படிப்பில் இப்படி ஒரு சாயங்காலம் இருந்ததில்லை.

சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். நாயகன் பெயரை ராமனிலிருந்து ரகுவாக மாற்றச் சொன்னார் ஆசிரியர். மொத்தமாகத் தேடி மாற்று என்று ஒரு தட்டு தட்டினேன். கோதண்டராமன் கோயில் கோதண்டரகு கோயிலாகிவிட்டது. மாமா பட்டாபிராமன் பட்டாபிரகு. அச்சுக்குப் போகும் முந்தைய நாள்தான் கண்ணில் பட்டது. இன்றைக்கும் ஆபீஸில் என் பெயர் பட்டாபிரகு.

எழுதக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இலிருந்தும், இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியாவில் 1970-இலிருந்தும் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உன் கதையை மற்ற மாணவர்கள் அலசும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது என்பது அயோவாவில் பேர்போன வழக்கம். நல்ல பயிற்சிதான். ஆனால் நம் ஊர் இலக்கியக் கூட்டங்களில் இதைவிட மோசமாகவே திட்டு வாங்கலாம், அதுவும் ஃபீஸ் கட்டாமல். எழுத்துக்கு வகுப்பறை இல்லாவிட்டாலும் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். புத்தகம் போடும் வேலைதான் யாராவது பக்கத்தில் இருந்து சொல்லித்தராமல் வருவதில்லை.

அதற்குப் படிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் எடிட்டிங்குக்கும் பதிப்புக்கும் பட்டயப் படிப்பு நடத்துகிறது. இக்னோவில் புத்தகப் பதிப்புக்கு முதுநிலைப் பட்டயம் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கில எடிட்டருக்கு வல்லினம் மிகுமா மிகாதா என்ற கவலை கிடையாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறிக் கிடப்பதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

சட்டம் இன்னொரு கூத்து. எழுத்தாளர்கள் பலர் ஒப்பந்தமே போடுவதில்லை, போட்டாலும் படிப்பதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் மாற்றித் தர முடியும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஒரே வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். ராயல்டி வரவில்லை என்று இங்கே வருடாவருடம் நடக்கும் சண்டையில் பாதியாவது குறையும்.

தனிப் பட்டப்படிப்பு வேண்டுமென்று நான் கேட்கவில்லை. தமிழ்த்துறையில் ஒரு செமஸ்டர், ஒரே ஒரு தாள் போதும். தேர்வு வேண்டாம். வகுப்பே சேர்ந்து 64 பக்கத்தில், அதாவது சரியாக நாலு ஃபாரத்தில், ஒரு புத்தகம் போடட்டும். யாரோ எழுதட்டும், யாரோ திருத்தட்டும், அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொள்ளட்டும். வேண்டிய அளவு மட்டும் அடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்டில் ஐம்பது பிரதி அடிக்கப் பெரிய செலவில்லை. ஒரு பிரதியைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பட்டும். அனுப்ப வேண்டும் என்று 1954-இலிருந்து சட்டமே இருப்பது அப்போதாவது தெரியவரும்.

வேலை கிடைக்குமா என்று அக்கா கேட்பாள். நியாயமான கேள்விதான். மெய்ப்புக்குப் பக்கக் கணக்கில் கிடைக்கும் காசை அவளிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நல்ல எடிட்டர் கிடைக்கவில்லை என்று புலம்பாத பதிப்பாளரையும் நான் பார்த்ததில்லை. இந்த இரண்டும் எப்படி ஒரே ஊரில் நடக்கின்றன என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

நேற்று சும்மா ஒரு ஃபாரத்தின் புரூஃபை அக்கா மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதினாறு பக்கத்தில் பதினொரு பிழை பிடித்திருக்கிறாள். அதில் மூன்று, நான் பார்த்து டிக் போட்ட பக்கங்களில். பி.காம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாம்.