நீலத்திரையும் ரெக்கார்டு நோட்டும்

எங்கள் கல்லூரி லேபில் சி++ நிரல் எழுதி ஓட்ட இன்றைக்கும் டர்போ சி++ என்ற நீலத்திரை மென்பொருள்தான். சி++ மொழிக்கு முதல் தரநிலை வந்ததே 1998இல், இந்த நீலத்திரை அதற்கும் முந்தையது, 64 பிட் விண்டோஸில் நேராக ஓடவே ஓடாது, பழைய டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைப் போட்டு அதற்குள் தட்டி எழுப்ப வேண்டும். சரி, பழசு என்றால் என்ன, வேலை செய்தால் போதும் என்று பார்த்தால், வீட்டில் ஜிசிசி என்ற கம்பைலரில் 8 ஃபேக்டோரியலுக்கு (1 முதல் 8 வரை பெருக்கினால் வருவது) ஒழுங்காக 40320 காட்டிய அதே நிரல் இங்கே மைனஸ் 25216 என்கிறது! இங்கே முழு எண்ணை வைக்கும் இன்ட் வெறும் 2 பைட், 32767ஐத் தாண்டினால் குப்புற விழும், அவ்வளவுதான் விஷயம். சாரிடம் சொன்னால் "லாஜிக்கைச் சரியா பாருப்பா" என்று நகர்ந்துவிடுகிறார்.

அப்புறம் அந்த ரெக்கார்டு நோட்டு. கணினியில் அடித்த நிரலைக் கையால் எழுதி, அவுட்புட்டை எதிர்ப்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு வரைய வேண்டும் (யார் கண்டுபிடித்தார்களோ). நிரலின் தொடக்கத்தில் கிளியர் ஸ்கிரீன் என்ற கட்டளை இல்லையாம், கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தில் எந்தத் திரையைத் துடைப்பது?

இன்னும் 12 நிரல் பாக்கி. நாளை மறுநாள் எக்ஸ்டர்னல் தேர்வு.