அது இலவசப் பணம் இல்லை

தெரு வேலைகளுக்காகக் குடியிருப்பவர்களுக்கு மாநகராட்சி கொடுக்கும் மானியத்தைத் திட்டி ஒருவர் கூட்டத்தில் பேசும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் இங்கே மறுபடி பகிரவில்லை. "வேலை வெட்டி இல்லாத நாலு பேர் செடி நடுவதற்கு நம் வரிப்பணத்தை இலவசமாகத் தூக்கிக் கொடுக்கிறார்கள்" என்று அவர் சொல்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. அவர் பேசியதைக்கூட விட்டுவிடலாம். தட்டியவர்களில் பல பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

குடியிருப்பவர்களே திட்டம் போட்டு, குடியிருப்பவர்களே இறங்கிச் செய்யும் வேலைக்கு மாநகராட்சி கொடுக்கும் மானியம் இலவசப் பணம் இல்லை. பெரும்பாலும் நம் பங்கை முதலில் காட்டினால்தான் அவர்கள் பங்கு வரும். பல இடங்களில் வேலையை முடித்து, பில்லைக் கொடுத்து, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் பணம் கைக்கு வரும். அதுவரை செலவு நம் பையிலிருந்துதான். இதை இலவசம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

இது யாரோ நேற்று கண்டுபிடித்த சலுகையும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988லேயே இதற்கென்று ஒரு நிதியைத் தொடங்கியது. குடியிருப்பவர்கள் கொண்டுவரும் பங்குக்கு ஈடாக நகரம் பணம் தரும். அந்தப் பங்கு ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பொருளாகத் தரலாம், வரைபடம் போட்டுத் தரலாம், மண் சுமக்கலாம். உழைத்த நேரத்துக்கு மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு பாலத்தின் அடியில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த மூலையில், நிஜமான ஃபோக்ஸ்வாகன் காரைக் கையில் நசுக்கிப் பிடித்திருக்கும் பூதச் சிலை ஒன்று 1990ல் வந்தது. அந்த நிதியின் உதவியும் அதில் உண்டு. இன்று அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

நம் பக்கம் வருவோம். 2021ல் தமிழ்நாட்டில் மறுபடி தொடங்கப்பட்ட நமக்கு நாமே திட்டத்திலும் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள்தான் போட வேண்டும் என்று வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு! இலவசம் என்று கைதட்டியவர்கள் ஒரு தெருவுக்குள் வீடு வீடாகப் போய் அந்தப் பணத்தைத் திரட்டிப் பார்க்கட்டும். முதல் வீட்டுக்கதவு மூடும்போதே தெரிந்துவிடும்.

எங்கள் தெருமுனை இடத்தைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். உடைந்த கண்ணாடியும் கட்டட இடிபாடும் குவிந்து கிடந்த இடம்; இப்படி ஒரு மானியத்துக்கு விண்ணப்பித்து நாங்களே இறங்கிச் சரிசெய்தோம். சுத்தம் செய்தபோது கையைக் கிழித்துக்கொள்ளாதவர்கள் எங்களில் குறைவு. எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நடைபாதைக்கு எங்களிடம் ஒரு வரைபடம் இருந்தது, படித்தவர் போட்டதுதான். பல வருஷம் சித்தாள் வேலை பார்த்த ஓர் அக்கா வந்து நின்று பார்த்துவிட்டு, "வாட்டம் தப்பா இருக்குங்க" என்று தண்ணீர் ஓட வேண்டிய சரிவைச் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. அவர் பேசாமல் போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து மேட்டில் ஊற்றினார். தண்ணீர் நேராகக் கடைசி வீட்டு வாசற்படிக்குப் போய் நின்றது. அப்புறம்தான் நூல் கட்டி, மட்டம் பார்த்து, மண்ணை மாற்றிப் போட்டோம். மழைக்கு அந்த வீட்டுக்குள் தண்ணீர் போகாமல் இருக்கிறது என்றால் அது அந்த அக்காவால்தான்.

எங்கள் விண்ணப்பத்தில் அவர் எங்கேயும் இல்லை. பங்களிப்பு என்ற கட்டத்தில் வரைவோலை (டிடி) எண்ணுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. அவரால் பணம் போட முடியவில்லை, அதனால் அவர் எதுவுமே தரவில்லை என்று ஆகிவிட்டது. "வேலை வெட்டி இல்லாத நாலு பேர்" என்று அந்த வீடியோவில் சொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். நாள் முழுக்கக் கல் சுமந்துவிட்டு வந்து எங்களோடு நின்ற மனுஷி.

கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். "இதெல்லாம் மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை, நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?" நியாயமான கேள்வி, எனக்கும் அந்தப் பயம் உண்டு. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அவர்கள் கடமை. அதற்கு மக்களிடம் ஒரு பைசா பங்கு கேட்டாலும் நான் எதிர்ப்பேன். மானியத்தைக் காட்டிக் கடமையிலிருந்து கழன்றுகொள்ள விடக் கூடாது. ஆனால் எந்த மூலையில் நிழல் வேண்டும், கிழவர்கள் எங்கே உட்காருகிறார்கள், பிள்ளைகள் எந்த வழியாக ஓடுகிறார்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

"கணக்கு எங்கே?" என்றும் கேட்பார்கள். ஃபைல் முழுக்க இருக்கிறது, வந்து பாருங்கள். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு எங்களிடம் கேட்கும் ரசீதை, பெரிய ஒப்பந்தங்களுக்கும் கேட்டால் சந்தோஷப்படுவேன்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. இந்தப் பணம் யாருக்குப் போகிறது? பதிவு செய்த சங்கம், வங்கிக் கணக்கு, விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஓய்வு பெற்ற அதிகாரி எல்லாம் இருக்கும் தெருவுக்குத்தான் போகிறது. ஏற்கெனவே மரம் இருக்கிற இடத்தில் இன்னொரு மரம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989ல் மக்களே பட்ஜெட்டில் முடிவெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பணத்தைப் பிரிக்கும்போது வசதி குறைவான பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண் என்று பிறகு அதன் விதியிலேயே வைத்தார்கள். அங்கே முடிந்தது நமக்கு ஏன் முடியாது? சாக்கடை ஓரத்தில் குடியிருப்பவர்களிடமும், மாடி வீட்டுக்காரர்களிடமும் ஒரே அளவு பங்கு கேட்பது சமத்துவமா? கொடுப்பதே தப்பு என்று கத்துகிறவர்கள், கொடுக்கப்படாத தெருக்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா? கோபப்படத்தான் வேண்டும் என்றால் அதற்குக் கோபப்படுங்கள், நானும் கூட வருகிறேன்.

அடுத்த விண்ணப்ப அறிவிப்பு வருவதற்குள் மாநகராட்சி செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அந்தப் படிவத்தில் உழைப்பு என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். வேலை நடந்த இடத்தில் நாங்கள் வைக்கும் வருகைப் பதிவேட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ளட்டும். அதில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு இருந்தாலும் தள்ளிவிடாமல் சேர்த்துக்கொள்ளட்டும்.